பழசைத் தேற்றுவதா, புதுசு கட்டுவதா?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணி என்றால் சிங்கப்பூரில் எட்டரை. அந்த நேரத்துக்குத்தான் அண்ணனும் தம்பியும் சேர்ந்து விளையாட உட்காருவார்கள். தம்பி காரைக்குடியில், மாடிக்குப் போகும் படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் மேஜையில். அண்ணன் சிங்கப்பூரில் தொழிலாளர் விடுதியின் இரண்டடுக்குக் கட்டிலில், மடியில் ஒரு செகண்ட் ஹேண்ட் லேப்டாப்போடு. மறுநாள் காலை ஆறு மணிக்குக் கம்பெனி லாரி வந்து நிற்கும். அதனால் பத்து, பத்தரைக்குள் ஆட்டம் முடிந்தாக வேண்டும்.

ஆட்டம் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2. அண்ணன் பள்ளிக்கூடத்தில் படித்தபோது பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து விளையாடியது. 1999-இல் வந்த அந்த ஆட்டத்தை 2019-இல் புதுப்பித்து மறுபடி வெளியிட்டார்கள். 2022 ஏப்ரலில் 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' என்ற சேர்க்கை வந்தது. அதில் திராவிடர்கள் ஒரு தனி நாகரிகம். ராஜேந்திர சோழனுக்குத் தனிப் படையெடுப்பு. சுருள்வாள் சுழற்றும் உருமி வீரன், திரிசடை என்ற கப்பல். சொடுக்கினால் குடியானவன் தமிழில் பதில் சொல்வான். இது வந்த பிறகு அண்ணன் வேறு நாட்டைத் தொடுவதே கிடையாது.

இருவரும் ஒரே கட்சி, எதிரே கம்ப்யூட்டர் ஆடும் இரண்டு மூன்று படைகள். 2025 ஜூன் மாதம்வரை எல்லாம் ஒழுங்காகப் போனது. அதற்குப் பிறகு ஆட்டம் ஆரம்பித்து முக்கால் மணி நேரத்தில், படைகள் பெருகியதும், திரையில் குதிரைகள் சேற்றில் நடப்பது மாதிரி நடக்க ஆரம்பித்தன.

"டேய், உன் மெஷின் இழுக்குதுடா" என்றான் அண்ணன்.

"இல்லண்ணே, நெட்டு ஸ்லோவா இருக்கும்."

"நெட்டு இல்லடா. யாரு இழுக்கறாங்கன்னு ஸ்கிரீன்லயே காட்டுது பாரு. உன் பேருக்குப் பக்கத்துலதான் ஆமை நிக்குது."

இந்த ஆட்டத்தின் உள்விவகாரம் கொஞ்சம் விசித்திரமானது. இணையத்தில் ஓடுவது படங்களோ, படைகளின் இருப்பிடமோ இல்லை. 'இந்தப் படையை அங்கே அனுப்பு' என்ற கட்டளை மட்டும்தான் போகிறது. மீதி எல்லாக் கணக்கையும் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தானே, ஒரே மாதிரி, ஒரே நேரத்தில் போட்டுக்கொள்ளும். முதல் பாகம் வந்த காலத்தில் 28.8 கிலோபிட் மோடத்தில் ஆயிரத்து ஐந்நூறு வில்வீரர்களை ஓடவைப்பதற்காகக் கண்டுபிடித்த வழி இது. அதை எழுதியவர்கள் 2001-இல் இதைப் பற்றிக் கட்டுரையே வாசித்திருக்கிறார்கள். அருமையான யோசனை, ஒரு குறையைத் தவிர. எல்லோரும் சேர்ந்தே நடக்க வேண்டும் என்பதால், கூட்டத்தில் மெதுவாக நடப்பவன் வேகம்தான் எல்லோருக்கும் வேகம். காரைக்குடி மெஷின் மூச்சு வாங்கினால் சிங்கப்பூரில் குதிரை நொண்டும்.

ஒரு மணி நேர ஆட்டம் ஒன்றே முக்கால் மணி ஆனது. ஜூலையில் இரண்டு வாரம் பாதியிலேயே "சரிடா, காலையில லாரி வந்துரும்" என்று அண்ணன் எழுந்து போனான். மூன்றாவது வாரம் போனில் சொன்னான்: "அதை விட்டுத் தள்ளுடா. எட்டு வருஷமாச்சு. புதுசு கட்டிரு, காசு நான் அனுப்பறேன்."

தம்பி பி.காம் மூன்றாம் ஆண்டு. புதுசு என்றதும் சந்தோஷப்பட்டான் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அன்று இரவு தூங்காமல் யூடியூபில் ஆறு வீடியோ பார்த்தான்.

*

பழைய பெட்டியின் கதையையும் சொல்ல வேண்டும். அது அண்ணனுடையது. 2017 ஜூன் மாதம் வாங்கியது. ஜூலை முதல் தேதி ஜிஎஸ்டி வரப்போகிறது, எல்லாம் விலை ஏறிவிடும் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த நேரம். டிப்ளமோ முடித்துக் கிடைத்த முதல் வேலையில் சேர்த்த பணத்தை எடுத்துக்கொண்டு அண்ணன் காலையில் பல்லவன் எக்ஸ்பிரஸ் ஏறி சென்னை ரிச்சி தெருவுக்குப் போனான். இரவு பஸ்ஸில் கேபினெட்டை மடியில் வைத்துக்கொண்டு திரும்பினான். கண்டக்டர் அதற்கு லக்கேஜ் போட்டாராம். அப்பத்தா இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கும்.

இன்டெல் ஐ5-7400 பிராசஸர், பி250 மதர்போர்டு, 8 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டு, 1 டிபி ஹார்ட் டிஸ்க், 450 வாட் எஸ்எம்பிஎஸ். மானிட்டர் இல்லாமல் 42,000 ரூபாய். பில்லில் ஜிஎஸ்டி இல்லை, வாட். வணிகவியல் மாணவனுக்கு அது ஒரு தொல்பொருள்.

வரியை மிச்சம் பிடித்த அண்ணனை விதி வேறு பக்கம் பிடித்தது. அதே வருடம் அக்டோபரில் இன்டெல் எட்டாம் தலைமுறையை இறக்கியது. அதுவரை நான்கு கோர் இருந்த ஐ5-க்கு ஆறு கோர் வந்தது. சாக்கெட்டின் பெயர் பழைய 1151-தான். ஆனால் பி250 போர்டில் உட்காராது, 300 வரிசை போர்டு வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பிறகு 2021-இல் விண்டோஸ் 11 வந்தபோது, இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்றுக்கொள்வோம் என்று மைக்ரோசாஃப்ட் கோடு போட்டது (ஏழாவதில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில விதிவிலக்குகள் உண்டு, 7400 அதில் இல்லை). நான்கு மாதம் பொறுத்திருந்தால் பெட்டி கோட்டுக்கு அந்தப் பக்கம் போயிருக்கும். 2017 ஜூனில் அது யாருக்குத் தெரியும்?

தம்பியின் வகுப்பில் ஒருவன் வீட்டில் அதே 2017-இல் வாங்கிய ஏஎம்டி ரைசன் மெஷின் இருக்கிறது. பி350 போர்டு. அந்த ஏஎம்4 சாக்கெட்டில் மூன்று வருடம் கழித்து வந்த ரைசன் 5000 வரிசையும் உட்கார்ந்தது. 2022-இல் பழைய போர்டுகளுக்கும் அதற்கான பயாஸ் கொடுத்தார்கள். அவன் பழைய பிராசஸரைக் கழற்றிவிட்டு ரைசன் 5 5600 போட்டான். ராம் அதே, போர்டு அதே, எஸ்எம்பிஎஸ் அதே. விண்டோஸ் 11 ஓடுகிறது. அவனுக்கு 'பழசா புதுசா' என்ற கேள்வியே வரவில்லை. போர்டு வாங்கிய அன்றைக்கே, அவனுக்கே தெரியாமல், பதில் தீர்மானமாகிவிட்டது.

*

ஜூலையில் ஊரில் உள்ள ஒரு கம்ப்யூட்டர் கடையில் புதுசுக்கு விலை கேட்டான் தம்பி. 72,000 என்று எழுதிக் கொடுத்தார்கள். அக்டோபரில் தீபாவளிக்கு அண்ணன் 60,000 அனுப்பினான். "மீதி நீ போட்டுக்க" என்று சொல்லவில்லை, "மீதி டிசம்பர்ல அனுப்பறேன்" என்றான். அதே மாதம் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கு இலவச ஆதரவு முடிந்தது. பெட்டி தினமும் காலையில் ஒரு நோட்டீஸ் காட்ட ஆரம்பித்தது. போதாக்குறைக்கு 10 வரிசை கார்டுகளுக்கு வழக்கமான டிரைவர்கள் இத்தோடு சரி, இனி 2028 அக்டோபர்வரை பாதுகாப்புத் திருத்தம் மட்டும்தான் என்று என்விடியாவும் கணக்கை முடித்தது. நாலு பக்கமும் 'காலி செய்' என்றுதான் குரல்.

டிசம்பரில் மறுபடி அதே கடைக்குப் போனால் அதே சாமான்களுக்கு 88,000.

"என்னண்ணே, ஆறு மாசத்துல பதினாறாயிரம் ஏறுது?"

"ராம் தம்பி, ராம். கம்பெனிக்காரன் எல்லாம் ஏஐக்குப் போயிட்டான். நமக்கு யாரு குடுக்கறா?"

கடைக்காரர் சொன்னது மிகையில்லை. உலகத்தில் ராம் சில்லு செய்யும் பெரிய கம்பெனிகள் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்று மூன்றுதான். ஏஐ சர்வர்களுக்கான நினைவகத்தில் லாபம் அதிகம் என்பதால் உற்பத்தி அந்தப் பக்கம் சாய்ந்தது. 2025 டிசம்பர் தொடக்கத்தில் மைக்ரான், வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு விற்றுவந்த 'குரூஷியல்' வியாபாரத்தையே மூடப்போவதாக அறிவித்தது. எங்கோ அமெரிக்காவில் டேட்டா சென்டர் கட்டினால் காரைக்குடியில் கொட்டேஷன் மாறுகிறது. பொருளாதாரப் பாடத்தில் தேவை-அளிப்பு வளைகோட்டை இத்தனை தெளிவாக யாரும் நடத்தியதில்லை.

அன்று சாயங்காலம் தம்பி நோட்டை எடுத்து உட்கார்ந்தான்.

முதலில் தேய்மானம். வருமான வரிச் சட்டப்படி தொழிலில் பயன்படும் கம்ப்யூட்டருக்குக் குறைந்து செல் மதிப்பு முறையில் வருடத்துக்கு 40 சதவீதம். 42,000-க்குப் போட்டுப் பார்த்தான். முதல் வருட முடிவில் 25,200. அப்புறம் 15,120. 9,072. எட்டாவது வருட முடிவில் 705 ரூபாய். ஒரு கேபினெட் கொண்டுவர பஸ்ஸில் போகவர ஆகும் செலவுகூட இல்லை. (இந்த முறையில் மதிப்பு பூஜ்யத்தைத் தொடவே தொடாது என்பது வேறு விஷயம். இன்னும் இருபது வருடம் போனாலும் கணக்குப் புத்தகத்தில் சில பைசாவாவது மிச்சம் இருக்கும்.)

அடுத்து மூழ்கிய செலவு. அண்ணன் அன்று போட்ட 42,000 போனது போனதுதான், இன்றைய முடிவில் அதைச் சேர்க்கக்கூடாது. மேலாண்மைக் கணக்கியலில் இந்தக் கேள்விக்குத் தம்பி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறான். ஆனால் மடியில் கேபினெட்டோடு பஸ்ஸில் வந்தவனை எந்தப் பத்தியில் எழுதுவது என்று பாடத்தில் இல்லை.

கடைசியாக ஒரு கணக்கு. அதை அவன் முதலில் போட விரும்பவில்லை. சிங்கப்பூர் வெள்ளி ஒன்று எழுபது ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. 88,000 என்றால் 1,250 வெள்ளிக்கு மேல். அண்ணனுக்கு ஓவர்டைம் எல்லாம் சேர்த்து மாதம் 1,100 வருகிறது. சாப்பாடு, போன், ஏஜென்ட் கடனில் பாக்கி எல்லாம் அதற்குள்தான்.

நோட்டை மூடிவிட்டான்.

*

பிறகு அவன் செய்தது ஒரு நல்ல காரியம், அதற்கு முந்தின ஒரு முட்டாள்தனத்தோடு.

முட்டாள்தனம் இது. பி250 போர்டில் உட்காரக்கூடிய பெரிய பிராசஸர் ஐ7-7700. கோர் அதே நான்குதான், ஆனால் ஒரே நேரத்தில் எட்டு இழை வேலை செய்யும். மதுரையில் ஒருவர் பழையதை 8,500-க்கு விற்பதாகப் போட்டிருந்தார். தம்பி 500 ரூபாய் அட்வான்ஸ் அனுப்ப ஜிபேயைத் திறந்துவிட்டான். அந்த நேரம் பார்த்து அப்பா சாப்பிடக் கூப்பிட்டார்.

அப்பா ஆசாரி. கானாடுகாத்தான், கோட்டையூர், பள்ளத்தூர் பக்கம் பழைய செட்டிநாட்டு வீடுகளில் மர வேலை. சில வீடுகள் ஹோட்டலாக மாறுகின்றன, அங்கே பழுது பார்ப்பார். சில வீடுகள் பங்காளிகள் முப்பது நாற்பது பேரின் கையெழுத்து சேராமல் கிடந்து, கடைசியில் பிரிக்கப்படுகின்றன. அங்கேயும் இவர்தான் கழற்றுவார்.

சாப்பிடும்போது தம்பி விஷயத்தைச் சொன்னான். பிராசஸர், சாக்கெட் என்று அவன் சொன்னது எதுவும் அப்பாவுக்குப் புரியவில்லை. கேட்டது ஒன்றுதான்.

"எட்டாயிரத்து ஐந்நூறு குடுத்து வாங்கறியே, நாளைக்குப் புதுசு வாங்கினா அது இதுக்கு ஆகுமா?"

"ஆகாதுப்பா. இந்த போர்டுக்கு மட்டும்தான்."

"அப்ப அது சுவத்துல பூசற சுண்ணாம்பு. வீடு போனா அதுவும் போச்சு."

செட்டிநாட்டில் இருப்பவர்களுக்கு இது விளக்கத் தேவையில்லாத கணக்கு. ஒரு வீட்டைப் பிரித்தால் பர்மா தேக்குத் தூண், செதுக்கிய நிலை, கதவு, உத்தரம் எல்லாம் லாரி ஏறும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் அடுக்கி வைத்திருப்பார்கள். சென்னையிலோ கேரளாவிலோ ஒரு புது வீட்டில் போய் நிற்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ராவில் ஒரு செட்டிநாட்டு வீட்டையே இப்படிக் கொண்டுபோய்த் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். ஆனால் முட்டை வெள்ளையும் சுண்ணாம்பும் அரைத்துக் கண்ணாடி மாதிரி மெழுகிய சுவர் இருக்கிறதே, அதை யாரும் எடுத்துப் போக முடியாது. வீட்டிலேயே விலை உயர்ந்த கைவேலை அதுதான் என்றாலும், கடப்பாரை பட்டால் தூள்.

சாப்பிட்டுக் கைகழுவியபின் தம்பி நோட்டில் ஒரு புதுப் பட்டியல் போட்டான். இடம் மாறும் சாமான் எது, மாறாதது எது. எஸ்எஸ்டி மாறும். எஸ்எம்பிஎஸ் மாறும். கேபினெட், மானிட்டர், கீபோர்டு மாறும். கிராபிக்ஸ் கார்டு நல்லதாக வாங்கினால் மாறும். மதர்போர்டு, பிராசஸர் மாறாது. பழைய டிடிஆர்4 ராம் மாறாது, புதுசெல்லாம் டிடிஆர்5. மாறாததற்குச் செலவு செய்வதென்றால் செகண்ட் ஹேண்டில், கம்மியாக. மாறுவதை மட்டும் புதுசாக, நல்லதாக.

ஐ7 ஆசாமிக்கு 'வேண்டாம் சார், சாரி' என்று மெசேஜ் போனது.

*

இதற்கும் பிறகுதான் உண்மையான கேள்வி அவனுக்கு உறைத்தது. வெட்கக்கேடு என்னவென்றால் ஆறு மாதமாக அதை யாருமே கேட்கவில்லை. மெஷின் பழசு, சரி. ஆனால் பழசு போன வருடமும் பழசுதான். ஜூன் மாதம்வரை இதே ஐ5, இதே 8 ஜிபி, இதே ஆட்டம் ஒழுங்காக ஓடியதே? பிராசஸருக்கு வயதானால் வேகம் குறையுமா? குறையாது. அதில் தேய்வதற்கு ஒன்றும் இல்லை. அப்படியென்றால் ஜூனில் வேறு ஏதோ மாறியிருக்கிறது.

வெப்பநிலை காட்டும் ஒரு இலவச மென்பொருளை இறக்கி, ஆட்டத்தை ஓடவிட்டுப் பார்த்தான். பத்து நிமிடத்தில் 85 டிகிரி. இருபது நிமிடத்தில் 97. பிறகு 99, 100. அதற்குமேல் போகவில்லை, போகவும் போகாது. இந்த பிராசஸருக்கு எல்லை 100 டிகிரி. அதைத் தொட்டதும் எரிந்துபோகாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 3 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓட வேண்டியது 1.6-க்கு இறங்கி நின்றது. ஆமை கிடைத்துவிட்டது.

பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினால் உள்ளே ஒரு தலையணைக்கு ஆகும் பஞ்சு. படிக்கட்டுக்குக் கீழே இடம், பக்கத்து அறையில் அப்பாவின் பட்டறை. எட்டு வருட இழைப்புத் தூள். பெயிண்ட் பிரஷால் தட்டி, சைக்கிள் பம்பால் ஊதி (ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும், இல்லாவிட்டால் ஃபேன் கெட்டுப்போகும்) சுத்தம் செய்தான். மறுபடி ஓடவிட்டான். 96. நாலு டிகிரிதான் லாபம்.

கடுப்பில் பெட்டியைப் படுக்கவைத்துவிட்டு எழுந்தான். அப்பா வேலை முடிந்து வந்தவர், வாசலில் காலைக் கழுவிவிட்டு, திறந்து கிடந்த பெட்டியை எட்டிப் பார்த்தார்.

"இது ஏன் ஒரு பக்கம் தூக்கிட்டு நிக்குது?"

"எதுப்பா?"

"இந்தா, ஃபேனு. நாலு காலுல ஒரு கால் உக்காரலையே."

இன்டெல் பெட்டியோடு கொடுக்கும் கூலர், நான்கு பிளாஸ்டிக் ஊசிகளில் நிற்பது. போர்டில் உள்ள ஓட்டைகளில் அழுத்தினால் 'டக்' என்று பிடித்துக்கொள்ளும். அதில் ஒரு ஊசி விரிசல் விட்டு வெளியே வந்திருந்தது. எவ்வளவு சாய்வு? அரை மில்லிமீட்டர் இருக்கலாம். தம்பிக்கு ஆறு மாதம் கண்ணில் படாத அந்தச் சாய்வு, தினமும் நிலைக்கதவுக்கு ரசமட்டம் வைக்கிறவர் கண்ணில் மூன்று நொடியில் பட்டது. ஊசி எப்போது விட்டது என்று யோசித்தால், ஜூனில் வெள்ளையடிக்கும்போது பெட்டியை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்தது ஞாபகம் வந்தது.

கூலரைக் கழற்றினால் அடியில் தெர்மல் பேஸ்ட் காய்ந்து, சுவரில் உரியும் சுண்ணாம்பு மாதிரி செதில் செதிலாக உதிர்ந்தது. அதன் வேலையே பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளத்தை நிரப்பி, சூட்டைக் கடத்துவது. காய்ந்த பேஸ்ட், தூக்கி நிற்கும் கூலர், மேலே மரத்தூள். மூன்றும் சேர்ந்தால் சிங்கப்பூரில் குதிரை நொண்டாமல் என்ன செய்யும்?

கூலர் 650, பேஸ்ட் 250. தொள்ளாயிரம் ரூபாய். மாட்டி ஓடவிட்டான். ஒரு மணி நேரம் ஆனபிறகும் 66 டிகிரி.

*

இந்த இடத்தில் கதையை நிறுத்தி 'பார்த்தீர்களா, 88,000 எங்கே 900 எங்கே' என்று சொன்னால் கைதட்டலாம். ஆனால் விஷயம் அத்தனை சுலபமாக முடியவில்லை.

முதலாவது, தம்பிக்குப் புதுசு வேண்டும் என்ற ஆசை நிஜமானது. இந்தியானா ஜோன்ஸ் (2024 டிசம்பரில் வந்தது), டூம் தி டார்க் ஏஜஸ் (2025 மே) இரண்டும் ரே டிரேசிங் உள்ள கார்டு இல்லாமல் ஓடவே ஓடாது. 1050 டிஐயில் எத்தனை பேஸ்ட் தடவினாலும் நடக்காது. வகுப்பில் அதைப் பற்றிப் பேசும்போது அவன் பேசாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆசையைக் குறைத்துக்கொள்வதற்காக ஸ்டீமில் தன் கணக்கை எடுத்துப் பார்த்தான். அந்த வருடம் விளையாடியது 410 மணி நேரம். அதில் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸும் கவுன்டர் ஸ்டிரைக்கும் மட்டும் 380. இரண்டும் இந்தப் பெட்டியில் ஓடுவதுதான். ஆக, மீதி 30 மணி நேரத்துக்காக 88,000. ஆசை குறைந்ததா என்றால், கொஞ்சம்தான்.

இரண்டாவது, எஸ்எம்பிஎஸ். எட்டு வருடம் காரைக்குடி வோல்டேஜைத் தாங்கியது. அது போகும்போது சில சமயம் போர்டையும் கூட்டிக்கொண்டு போகும். பழைய பெட்டியில் கண்ணை மூடிக்கொண்டு மாற்ற வேண்டிய சாமான் அது ஒன்றுதான், பலரும் கடைசியில் நினைப்பதும் அதுதான். நல்லதாக 550 வாட்டில் 3,900-க்கு வாங்கினான். 500 ஜிபி எஸ்எஸ்டி 4,200. இன்னொரு 8 ஜிபி ராம் பழையது 1,900. (மாட்டியதும் திரை வரவில்லை. ராமின் பித்தளை நிறக் காலை அழிரப்பரால் தேய்த்து மாட்டினால் வந்தது. இந்த வைத்தியம் தெரியாத மெக்கானிக் தமிழ்நாட்டில் கிடையாது.) கூலர், பேஸ்ட் சேர்த்து மொத்தம் 10,900. அதில் 8,100 அடுத்த பெட்டிக்கும் வரும். சுண்ணாம்புக்குப் போனது 2,800.

ஹார்ட் டிஸ்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறியதில் வந்த வித்தியாசம் சொல்லி மாளாது. முன்பு சுவிட்சைப் போட்டுவிட்டுப் பல் விளக்கிவிட்டு வரலாம். இப்போது உட்காருவதற்குள் வந்துவிடுகிறது.

விண்டோஸ் பிரச்சினை தள்ளிப்போனது, தீரவில்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பதிவு செய்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். தம்பி அதைச் செய்தான். தினசரி காலண்டரில் அந்தத் தேதியை வட்டம் போடலாம் என்று போனால் 2026 காலண்டர் இன்னும் வந்திருக்கவில்லை.

மூன்றாவது சிக்கல் அண்ணன். இதைத் தம்பி எதிர்பார்க்கவில்லை.

"என்னடா, காசு அனுப்பி ரெண்டு மாசமாச்சு, வாங்கிட்டியா?"

"இல்லண்ணே. பழசையே சரி பண்ணிட்டேன். பதினோராயிரம்தான் ஆச்சு. மீதி நாப்பத்தொன்பது அப்படியே இருக்கு, உனக்கே திருப்பி அனுப்பவா?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. விடுதியில் யாரோ தெலுங்கில் பேசுவது மட்டும் கேட்டது.

"உன்கிட்ட நான் கணக்கு கேட்டேனா?"

"இல்லண்ணே, உன் ஒரு மாசச் சம்பளம்..."

"அது எனக்குத் தெரியாதா? நீ பெரிய ஆடிட்டரு. உனக்குன்னு தானடா அனுப்பினேன்."

போனை வைத்துவிட்டான். கொடுப்பதைத் திருப்பிக் கொடுப்பதும் ஒருவகை மரியாதைக் குறைவுதான் என்பதை இருபத்தொரு வயதில் கணக்கு நோட்டு வைத்துக்கொண்டு கண்டுபிடிக்க முடியாது. அப்பத்தா மூன்று வார்த்தையில் சொன்னது: "அவன்ட்ட ஏன்டா சொன்ன?"

நான்கு நாள் பேச்சில்லை. ஐந்தாம் நாள் அண்ணனே வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டான். அடுத்த வருடம் அக்டோபருக்குள் ஒரு மாதம் லீவு எடுத்து வருவதாகவும், பணத்தைத் தொடாமல் பேங்கில் போட்டு வைக்கும்படியும், ரெண்டு பேரும் பல்லவனில் ரிச்சி தெருவுக்குப் போகலாம் என்றும். "இந்தத் தடவ போர்டு பாத்து வாங்கணும்டா. அஞ்சு வருஷத்துக்கு மேல தாங்கற சாக்கெட்டா பாரு. அதை நீ படிச்சு வை."

தம்பி மறுநாளே வங்கிக்குப் போய் 49,000-த்தையும் பத்து மாத டெபாசிட்டில் போட்டான். வட்டி எவ்வளவு வரும் என்று அண்ணனிடம் சொல்லவில்லை. பாடம் படித்தாயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். அண்ணன் வழக்கம்போல் திராவிடர். தம்பி பர்மியர், யானைப்படைக்காக. எதிரே மூன்று கம்ப்யூட்டர் படைகள். ஒரு மணி நேரத்தில் இருநூறு பேர் படை கட்டி, யானைகள் முன்னே போக, உருமி வீரர்கள் பின்னே ஓட, கடைசிக் கோட்டை இடிந்தபோது சிங்கப்பூரில் மணி ஒன்பது நாற்பது. ஒரு தடவைகூட நொண்டவில்லை.

அண்ணன் பெட்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மைக்கில் கொட்டாவி விடும் சத்தம் கேட்டது.

"லாரி ஆறு மணிக்குத்தான. சின்ன மேப்புல இன்னொண்ணு போடுவமா?"